மேடைக்கு நன்கொடை கேட்கிறார்கள், கேள்வி கேட்டால் பெயர் கெடும் என்கிறார்கள்

கேள்வி: அக்கா, எனக்கு வயது 27. ஊர் திருநெல்வேலிப் பக்கம். அப்பா லோடு ஆட்டோ ஓட்டுகிறார், அம்மா பீடி சுற்றுகிறார். மாவட்ட அரசு இசைப்பள்ளியில் பரதம் கற்று, அப்புறம் அரசு இசைக் கல்லூரியில் படித்தேன். இப்போது ஒரு தனியார் பள்ளியில் நடன ஆசிரியை. மாலையில் எங்கள் மொட்டை மாடியில் 30 பிள்ளைகளுக்கு வகுப்பு. பீடி சுற்றும் பெண்களைப் பற்றி 35 நிமிடத்தில் ஒரு குழு நடனம் அமைத்திருக்கிறேன், வீடியோ அனுப்பியிருக்கிறேன். சென்னையில் ஒரு அமைப்பு மார்கழியில் மேடை தருவதாகச் சொல்லி 20,000 ரூபாய் 'நன்கொடை' கேட்டது. கோபத்தில் முகநூலில் எழுதிவிட்டேன். "எங்கள் கலையைப் பறித்துக்கொண்டு இப்போது எங்களிடமே காசு கேட்கிறார்கள்" என்று. என் குரு கூப்பிட்டுத் திட்டினார், இப்படி எழுதினால் எந்தக் கதவும் திறக்காது என்றார். பள்ளியிலும் ஒரு பிரச்சினை: ஆண்டு விழாவுக்கு நான் அமைத்த நடனத்தை அவர்களுடைய இன்னொரு கிளையில் என் பெயர் இல்லாமல் ஆட வைத்திருக்கிறார்கள். நான் பணம் கட்டி ஆட வேண்டுமா? சென்னைக்குக் குடிபெயர வேண்டுமா? நடனம் அமைப்பது, சொல்லிக்கொடுப்பது, சமத்துவம் பற்றிப் பேசுவது மூன்றையும் ஒருத்தியால் செய்ய முடியுமா?

பதில்:

முடியும். ஆனால் அதற்கு ஒரு வரிசை இருக்கிறது, அந்த வரிசையை மாற்றிப் போட்டால் மூன்றும் கெடும். யார் உனக்குச் சம்பளமும் மேடையும் தருகிறார்களோ அவர்களைப் பற்றி நீ வாய் திறக்க முடியாது, திறந்தாலும் பாதியில் நிறுத்திக்கொள்வாய், இது உன் தைரியத்தைக் குறைத்துச் சொல்வதில்லை, மாதம் பிறந்தால் கரண்ட் பில் கட்ட வேண்டிய எல்லோருக்கும் இதுதான் நிலைமை. அதனால் முதலில் உன் வகுப்பு. யாரும் உன்னிடமிருந்து பிடுங்க முடியாத வருமானம் அது ஒன்றுதான். அதன் மேல் நின்று படைப்பு, இரண்டும் கொஞ்சம் காலூன்றிய பிறகு பேச்சு. நீ இப்போது பேச்சிலிருந்து ஆரம்பித்திருக்கிறாய். பரவாயில்லை, சரிசெய்துகொள்ளலாம்.

முதலில் அந்த 20,000. கட்டாதே.

ஒரு கச்சேரி மேடையில் யார் யாருக்குப் பணம் போகிறது என்று ஒரு தாளில் எழுதிப் பார். நட்டுவாங்கம் (தாளம் போட்டு ஆட்டத்தை நடத்துவது), பாட்டு, மிருதங்கம், வயலின் அல்லது புல்லாங்குழல், மேக்கப், தலை அலங்காரம், பூ, ஒளியமைப்பு, வேன். எல்லோருக்கும் கொடுத்தாக வேண்டும், கொடுக்கவும் வேண்டும், அவர்களுக்கும் குடும்பம் இருக்கிறது. கடைசியில் ஆடுகிறவள் மட்டும் கையிலிருந்து போட்டு ஆடுகிறாள், அதற்கும் மேலே அமைப்புக்கு நன்கொடை. அதாவது, இந்த மேடையில் ஏற முதல் தகுதி, போட்ட பணம் திரும்பி வராவிட்டாலும் பாதிக்கப்படாத வீட்டில் பிறந்திருப்பது. சாதி, ஊர், நிறம் எல்லாவற்றையும் பற்றி அப்புறம் பேசலாம், வாசலிலேயே பாதிப் பேரை வடிகட்டுவது இந்தக் கணக்குதான். எல்லாச் சபாவும் இப்படி என்று சொல்ல மாட்டேன். பணம் கேட்காமல், தேர்ந்தெடுத்து, சிறிய தொகையாவது கையில் கொடுத்து அனுப்புகிறவர்களும் இருக்கிறார்கள். விண்ணப்பிக்கும் முன்பே "கலைஞர் ஏதாவது கட்ட வேண்டுமா, கலைஞருக்கு என்ன தருவீர்கள்" என்று இரண்டு கேள்வியையும் மின்னஞ்சலில் கேள். பதில் போனில் மட்டும் வந்தால் அதிலேயே உனக்கு விஷயம் புரிந்துவிடும்.

"ஒரு தடவை கட்டிவிடு, நல்ல மேடையில் ஆடிய வீடியோ கிடைக்குமே" என்று யாராவது சொல்வார்கள். அதே 20,000-ல் உங்கள் ஊரிலேயே ஒரு சின்ன அரங்கம் எடுத்து, உன் குழுவுக்குச் சாப்பாடும் போக்குவரத்தும் கொடுத்து, இரண்டு கேமரா வைத்துப் பதிவு செய்யலாம். பார்க்க வருகிறவர்கள் பீடி சுற்றும் பெண்களாகவே இருக்கட்டும். மதியத்து வேளையில் சபாவில் பத்துப் பேர் முன்னால் ஆடுவதைவிட அது எவ்வளவோ மேல், அந்தக் கூட்டத்தில் உன் நடனத்தில் எது பொய் என்று உடனே சொல்லிவிடுவார்கள்.

சரி, இனி நடனத்துக்கு வருகிறேன், எனக்குப் பேச ஆசையாக இருப்பதும் இதைப் பற்றித்தான். முழுதாகப் பார்த்தேன், நடுப்பகுதியை இரண்டு முறை. தட்டில் இலையைப் பரப்பி, தூளை வைத்து, சுருட்டி, நூல் சுற்றி, நுனியை மடக்கிவிடும் அந்த ஐந்து அசைவையும் முதல் ஐந்து நிமிடத்தில் அப்படியே கொண்டுவந்திருக்கிறாய், ஆறு பேரும் ஒரே வேகத்தில் போகாமல் ஆளுக்கொரு வேகத்தில் போகிறார்கள், உன் அம்மா வேலை செய்வதைப் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தவளால்தான் அது முடியும். ஆனால் ஏழாவது நிமிடத்திலிருந்து கை அழகாகிவிடுகிறது. கடகாமுகம் என்ற கை முத்திரை முத்திரையாகவே தெரிகிறது, இலை காணாமல் போகிறது. அப்புறம் எல்லோரும் எழுந்து, முழங்காலை மடக்கி நிற்கும் அரைமண்டிக்கு வந்துவிடுகிறீர்கள். பீடி சுற்றுகிறவள் எழுந்திருக்க மாட்டாளே, அவளுடைய பிரச்சினையே அதுதானே, காலை முதல் மாலை வரை கூன் போட்டு உட்கார்ந்து இடுப்பும் கழுத்தும் போய்விடுகிறது. உட்கார்ந்தே 15 நிமிடம் ஆட முடியுமா என்று பார். கால் மடங்கியே இருக்கும்போது தாளத்தை எங்கே வைப்பாய்? தொடையிலா, தட்டின் விளிம்பிலா? அந்தக் கஷ்டத்திலிருந்துதான் உனக்குப் புது அடவு, பரதத்தின் அடிப்படை அசைவு, கிடைக்கும்.

இன்னொன்று. கூலி 1,000 பீடிக்கு இவ்வளவு என்று. கொடுக்கிற இலை போதாமல் சொந்தக் காசில் இலை வாங்கிச் சேர்ப்பது, கடையில் கொண்டுபோய்க் கொடுக்கும்போது சரியில்லை என்று கழித்துப் போடுவது, இதெல்லாம் உனக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. இது தாளத்துக்கென்றே பிறந்த விஷயம்! ஆதி தாளத்தில் எட்டு எண்ணிக்கைக்கு ஒரு ஜதி (தாளச் சொற்கட்டு), ஒவ்வொரு சுற்றிலும் கணக்குப்பிள்ளை ஒரு எண்ணிக்கையைக் கழித்துக்கொண்டே போகிறார், ஆடுகிறவர்கள் மிச்சமிருக்கும் ஏழில், ஆறில், ஐந்தில் அதே வேலையை முடித்தாக வேண்டும். மிருதங்கக்காரரிடம் சொல், அவர் குஷியாகிவிடுவார். பார்க்கிறவர்களுக்கு ஒரு வசனமும் இல்லாமல் கூலிக் கணக்கு புரியும்.

முடிவில் எல்லோரும் காளியாக மாறுகிறீர்களே, அதை எடுத்துவிடு. பெண்ணுக்கு அநீதி என்றால் கடைசியில் சூலத்தைக் கையில் கொடுத்துவிடுவது நம் மேடையில் பழகிப்போன வழி, கைதட்டலும் நிச்சயம். ஆனால் அதற்கு முன் 30 நிமிடம் நீ காட்டிய பெண்கள் அந்த ஒரு நிமிடத்தில் மறைந்துபோகிறார்கள்.

நடனக் கலைஞர் சந்திரலேகாவை உனக்குத் தெரிந்திருக்கும். 1952-ல் அவருடைய அரங்கேற்றம் ராயலசீமை வறட்சி நிவாரண நிதிக்காக நடந்தது. ஆடிக்கொண்டிருந்தது யமுனையில் நீர் விளையாடும் காட்சி. வெளியே தண்ணீரில்லாமல் வெடித்த நிலம், மேடையில் தண்ணீர்க் கொண்டாட்டம். இந்த முரண் தன்னை அங்கேயே உறைய வைத்துவிட்டது என்று பின்னாட்களில் அவரே சொல்லியிருக்கிறார். இடையில் பல ஆண்டுகள் நடன மேடையிலிருந்து விலகியிருந்தவர், 1985-ல் 'அங்கிகா' என்ற நடனத்தைச் செய்தபோது தெய்வக் கதை, நகை, அலங்காரம் எதுவும் அதில் இல்லை. பரதமும் யோகமும் களரியும், உடம்பும் மட்டும். அவரைப் போலச் செய் என்று சொல்லவில்லை, அவருக்கும் காஞ்சிபுரம் எல்லப்பா பிள்ளையிடம் கற்ற பரதம்தான் அடிப்படை, அந்த அடிப்படை உனக்கும் இருக்கிறது. மேடையில் காட்டுவதற்கும் வெளியே நடப்பதற்கும் உள்ள இடைவெளி உறுத்திய பிறகும் பழைய முடிவையே ஏன் வைக்க வேண்டும் என்றுதான் கேட்கிறேன்.

பள்ளி விஷயம். 1957 பதிப்புரிமைச் சட்டத்தில் நடன அமைப்பு நாடகப் படைப்பு என்ற வகைக்குள் வருகிறது, ஆனால் அது எழுத்திலோ வேறு வடிவத்திலோ பதிவாகியிருக்க வேண்டும். மனதில் மட்டும் இருக்கும் நடனத்துக்குச் சட்டப் பாதுகாப்பு இல்லை. ஆகவே இனி எதை அமைத்தாலும் ஒத்திகை வீடியோ, ஜதிக் கோர்வை, யார் எங்கே நிற்கிறார்கள் என்ற வரைபடம், தேதியோடு வைத்துக்கொள். அப்புறம், சம்பளத்துக்கு வேலை பார்க்கும் இடத்தில் அந்த வேலையின் பகுதியாகச் செய்த படைப்புக்கு, வேறு விதமாக எழுதிக்கொள்ளாவிட்டால், முதல் உரிமை முதலாளிக்குத்தான். ஆண்டு விழா நடனம் அந்தக் கணக்கில்தான் வரும், அதை வேறு கிளையில் ஆடக் கூடாது என்று தடுக்க முடியும் என்று எனக்குத் தோன்றவில்லை. ஆனால் இது என் படைப்பு என்று சொல்லிக்கொள்ளும் உரிமை, உரிமையாளர் யாராக இருந்தாலும், படைத்தவருக்கு இருக்கிறது, அதே சட்டத்தின் 57-வது பிரிவு. எனவே தலைமை ஆசிரியருக்கு மரியாதையாக ஒரு கடிதம்: "நடன அமைப்பு என்று என் பெயரை அழைப்பிதழிலும் வீடியோவிலும் போடக் கேட்டுக்கொள்கிறேன்." சண்டை வேண்டாம், கடிதத்தின் நகல் மட்டும் பத்திரம். பீடி நடனத்தை மட்டும் பள்ளி நேரத்திலோ பள்ளிப் பிள்ளைகளை வைத்தோ பள்ளி ஆடியோவிலோ செய்துவிடாதே, அது முழுக்க உன்னுடையதாக இருக்கட்டும்.

பெயர் போடுவது என்று வந்துவிட்டதால் ஒன்று கேட்கிறேன். உன் வீடியோவின் கடைசியில் உன் பெயர் பெரிதாக வருகிறது, ஆடிய மற்ற ஐந்து பெண்களின் பெயர் எங்கே? உனக்குக் கைவேலையைக் காட்டிக்கொடுத்த பெண்கள், அவர்களுக்குச் சம்மதம் என்றால், அவர்கள் பெயர்?

இனி வகுப்பு. சமத்துவம் பற்றி நீ முகநூலில் எழுதுவதை எத்தனை பேர் படிப்பார்களோ, மொட்டை மாடியில் இருக்கும் 30 பிள்ளைகள் உன்னை வாரத்தில் பல நாள் பார்க்கிறார்கள். முன்வரிசையில் யாரை நிறுத்துகிறாய்? யோசித்துச் சொல். வெளுத்த பிள்ளையை நடுவில் நிறுத்துவது நம் நடனப் பள்ளிகளில் யாரும் வாய்விட்டுச் சொல்லாத விதி, மேக்கப் போடுகிறவர் கறுத்த பிள்ளையின் முகத்தில் இரண்டு பூச்சு அதிகமாக அப்பி, கழுத்து ஒரு நிறம் முகம் ஒரு நிறமாக அனுப்புவார், அந்தப் பிள்ளை அன்றைக்குக் கண்ணாடியில் கற்றுக்கொள்வதை அப்புறம் எந்த வர்ணமும் சரிசெய்யாது. மேக்கப்காரரிடம் முன்கூட்டியே சொல்லிவிடு, அவரவர் நிறத்துக்கே போடச் சொல். வரிசையைச் சுழற்சியில் மாற்று.

ஃபீஸ் விஷயத்தில், "ஏழைப் பிள்ளைகளுக்கு இலவசம்" என்று போர்டு வைக்காதே. யார் இலவசம் என்று மற்றப் பிள்ளைகளுக்குத் தெரிந்துவிடும், அதன் பிறகு அந்தப் பிள்ளை தவறாக ஆடினால்கூட ஒரு பார்வை விழும். முழுக் கட்டணம், பாதி, கால், ஒன்றுமில்லை என்று நீ ஒருத்தி மட்டும் பார்க்கும் நோட்டில் வைத்துக்கொள், பணம் நேராக உன் கையிலோ போனிலோ வரட்டும். சலங்கை பூஜை, அரங்கேற்றம் என்று பெற்றோர்கள் ஆரம்பிப்பார்கள், மண்டபம், பத்திரிகை, ஐந்து செட் பட்டு, வந்தவர்களுக்குத் தாம்பூலப் பை, லட்சக்கணக்கில் போகும். உன் வகுப்பில் செலவுக்கு ஒரு உச்ச வரம்பு வை, உடை பொதுவில் வாங்கி எல்லோரும் மாற்றி மாற்றிக் கட்டட்டும். முதல் வருடம் முணுமுணுப்பார்கள், சிலர் வேறு வகுப்புக்குப் போவார்கள், போகட்டும்.

மொட்டை மாடி சிமென்ட் தரை என்பதை மறக்காதே. வளரும் பிள்ளைகள் சிமென்டில் காலால் தட்டும் தட்டடவைத் தினமும் மூன்று வேகத்தில் அடித்தால் குதிகாலும் முழங்காலும் கணுக்காலும் வலிக்கும், ஏழு வயதுப் பிள்ளை வலிக்கிறது என்று சொல்லாது, சொன்னால் சோம்பேறி என்பார்கள் என்று பயம். பலகை போட முடிந்தால் போடு, இல்லாவிட்டால் கெட்டியான ரப்பர் பாய், அதுவும் முடியாவிட்டால் குதிக்கும் அடவுகளைக் குறைத்து அந்த நேரத்தில் அபிநயம், தாளம், பாட்டு சொல்லிக்கொடு.

பாதுகாப்பு. 2023-ல் சென்னை கலாக்ஷேத்ரா நடனக் கல்லூரி மாணவர்கள் பாலியல் தொந்தரவு புகார்களுக்காகப் போராடியது உனக்கு நினைவிருக்கும். நம் துறையில் குரு உடம்பைத் தொட்டுத்தான் திருத்துகிறார், அது இயல்பு என்று எல்லோரும் வளர்ந்திருப்பதால் எல்லை எங்கே மீறப்படுகிறது என்று பிள்ளைக்கே தெரிவதில்லை. "தோளைப் பிடித்துத் திருத்தட்டுமா" என்று ஒரு வார்த்தை கேட்டுத் தொடு. கதவு திறந்தே இருக்கட்டும், பெற்றோர் யார் வேண்டுமானாலும் உட்கார்ந்து பார்க்கலாம் என்று சொல்லிவிடு. உன் பள்ளியில் 10 பேருக்கு மேல் வேலை செய்கிறார்கள், ஆகவே பணியிடத்தில் பாலியல் தொந்தரவைத் தடுக்கும் 2013 சட்டப்படி உள்ளகப் புகார்க் குழு இருந்தாக வேண்டும், இருக்கிறதா என்று விசாரி. 10 பேருக்குக் குறைவான இடங்களுக்கு மாவட்ட அளவில் உள்ளூர்க் குழு உண்டு. பிள்ளைகள் விஷயம் என்றால் 2012 போக்சோ சட்டம், தெரிந்தும் சொல்லாமல் இருப்பதே அதில் குற்றம்.

வருமானம் பற்றி ஒரு யோசனை: நட்டுவாங்கம் கற்றுக்கொள். தட்டுக்கழி (தாளம் தட்டும் கோல்) பிடிக்கத் தெரிந்த, ஜதி சுத்தமாகச் சொல்லத் தெரிந்த ஆளுக்கு உங்கள் பக்கத்தில் இப்போது தட்டுப்பாடு, மதுரையிலிருந்து வரவழைக்கிறார்கள் என்று உன் கடிதத்தின் இன்னொரு பக்கத்தில் நீயே எழுதியிருக்கிறாய். கே.ஜே. சரசா போன்றவர்கள் ஆண்கள் மட்டுமே உட்கார்ந்த இடத்தில் உட்கார்ந்து வழி போட்டுக் கொடுத்திருக்கிறார்கள். ஆடுகிற உடம்புக்கு ஒரு வயது இருக்கிறது, நட்டுவாங்கத்துக்கு அது இல்லை. அப்புறம் 2022-லிருந்து அரசுப் பள்ளிகளில் கலைத் திருவிழா நடக்கிறது, வட்டாரம், மாவட்டம், மாநிலம் என்று போட்டிகள், பயிற்சி கொடுக்க ஆள் தேடும் தலைமை ஆசிரியர்கள் இருக்கிறார்கள். சிறிய தொகைதான், ஆனால் போ, உன்னைப் போன்ற பிள்ளைகள் அங்கேதான் இருக்கிறார்கள்.

மத்திய கலாசார அமைச்சகத்தின் இளம் கலைஞர் உதவித்தொகை 18 முதல் 25 வயது வரை, உனக்குக் கடந்துவிட்டது, உன் மாணவிகளுக்குச் சொல். உனக்கு இளநிலை ஃபெலோஷிப் இருக்கிறது, 25 முதல் 40 வயது வரை, மாதம் 10,000 ரூபாய் வீதம் 2 ஆண்டு. ஆராய்ச்சித் திட்டம் ஒன்று எழுதிக் கொடுக்க வேண்டும். பீடித் தொழிலின் உடல் அசைவுகளும் பரத அடவுகளும் என்று எழுதினால் அது வேறு யாராலும் எழுத முடியாத விண்ணப்பம். அறிவிப்பு எப்போது வரும் என்று சொல்ல முடியாது, விண்ணப்பத்தை இப்போதே தயாராக வைத்துக்கொள்.

கடைசியாக அந்த முகநூல் பதிவு. உன் குரு பயப்படுவதைக் கோழைத்தனம் என்று நினைக்காதே, அவருடைய மற்ற மாணவிகளும் அதே அமைப்பாளர்களிடம்தான் போக வேண்டும். நேரில் போய்ப் பேசு, போனில் வேண்டாம். ஆனால் பதிவில் எனக்கும் ஒரு ஆட்சேபம் இருக்கிறது, அது அவருடைய ஆட்சேபம் இல்லை. பறிக்கப்பட்டது என்பது உண்மைதான். மார்க்கத்தை, அதாவது ஒரு பரதக் கச்சேரியின் உருப்படிகளை, இன்று நாம் ஆடும் வரிசையில் அமைத்தவர்கள் தஞ்சை நால்வர் என்ற சகோதரர்கள். சதிர் (பரதத்தின் பழைய பெயர்) ஆடிய தேவதாசிப் பெண்களும், அவர்களுக்குச் சொல்லிக்கொடுத்த நட்டுவனார்களும்தான் இதைக் காப்பாற்றினார்கள். 1930-ல் முத்துலட்சுமி ரெட்டி தேவதாசி முறைக்கு எதிராகச் சட்டசபையில் மசோதா கொண்டுவந்தார், 1947-ல் தேவதாசி ஒழிப்புச் சட்டம் வந்தது, இதற்கிடையில் ஆட்டம் பெயர் மாறி, வேறு வீட்டுப் பெண்களின் கைக்குப் போய், மேடை ஏறிக் கௌரவமாகிவிட்டது. கலாக்ஷேத்ராவைத் தொடங்கிய ருக்மிணி தேவிக்கும், நடனக் கலைஞர் பாலசரஸ்வதிக்கும் சொல்லிக்கொடுத்த மயிலாப்பூர் கௌரி அம்மாளை இன்று எத்தனை மாணவிகளுக்குத் தெரியும்? ஆனால் இதை ஒரே நிறத்தில் பூசவும் முடியாது. சட்டத்தை எதிர்த்து மனுக் கொடுத்ததும் அந்தச் சமூகத்துப் பெண்கள்தான், ஒழிக்க வேண்டும் என்று ஊர் ஊராகப் போன மூவலூர் ராமாமிர்தமும் அங்கிருந்து வந்தவர்தான்.

நீ அந்தக் குடும்பம் இல்லை என்று உன் கடிதத்தின் இன்னொரு பக்கத்தில் எழுதியிருக்கிறாய். இழந்தவர்கள் இசை வேளாளக் குடும்பங்கள். அவர்கள் சார்பில் பேச நிருத்யா பிள்ளை போன்றவர்கள் இருக்கிறார்கள், விராலிமலை முத்துக்கண்ணம்மாள் 2022-ல் பத்மஸ்ரீ வாங்கும் வரைக்கும் தன் சதிரைத் தானே சுமந்தார். அவர்கள் சொல்வதைக் கேள், பகிர், உன் வகுப்பில் அந்த வரலாற்றைச் சொல்லிக்கொடு. அவர்களுடைய இழப்பை உன் வழக்கில் சேர்த்துக்கொள்ளாதே. உனக்கென்று ஒரு வழக்கு இருக்கிறது, அது காசும் தூரமும். அரசுப் பள்ளியில் கற்றவள், தென்மாவட்டத்துக்காரி, உழைக்கிற வீட்டுப் பெண், இவளுக்கு ஏன் மேடை கிடைப்பதில்லை என்பது யாரும் மறுக்க முடியாத கேள்வி. நர்த்தகி நடராஜ் மதுரையிலிருந்து கிளம்பி, தஞ்சையில் கிட்டப்பா பிள்ளையிடம் கற்று, 2019-ல் பத்மஸ்ரீ வாங்கிய முதல் திருநங்கையானார். அவர் கடந்து வந்ததில் உனக்குத் தெரிந்த தடைகளும் உண்டு, உனக்குத் தெரியாதவையும் உண்டு.

எப்படிப் பேசுவது? தொகையையும் தேதியையும் நிபந்தனையையும் சொல், கையில் எழுத்து ஆதாரம் இருந்தால் மட்டும். அடைமொழி வேண்டாம். 'அநியாயம்' என்று எழுதினால் உன்னைத் திட்டுவார்கள், '20,000' என்று எழுதினால் பதில் சொல்ல வேண்டியிருக்கும். தனியாகவும் பேசாதே. உங்கள் மாவட்டத்தில் நடன ஆசிரியர்கள் எத்தனை பேர் இருப்பார்கள், பத்துப் பேராவது? ஒரு ஞாயிற்றுக்கிழமை கூடி, பணம் கட்டி ஆட மாட்டோம், மாணவிகளை அனுப்ப மாட்டோம் என்று ஒரு பக்கக் கடிதத்தில் கையெழுத்துப் போடுங்கள். பத்துக் கையெழுத்தை ஒதுக்குவது ஒருத்தியின் பதிவை ஒதுக்குவது போல எளிதாக இருக்காது.

அதோடு நீங்களே வருடத்துக்கு ஒரு விழா நடத்துங்கள். பரதம் மட்டும் வேண்டாம். கணியான் கூத்தும் வில்லுப்பாட்டும் கரகாட்டமும் உங்கள் மண்ணில் இருக்கிறது, அவர்களையும் கூப்பிடுங்கள், 'துவக்க நிகழ்ச்சி' என்று வாசலில் நிறுத்தாமல் அதே மேடையில், அதே நேர அளவில், அதே தொகைக்கு. உடை மாற்றுகிற அறை ஒன்றாகவே இருக்கட்டும், சாப்பாட்டுப் பந்தியும். நம் ஆட்கள் இங்கேதான் நெளிவார்கள், பார். நாட்டுப்புறக் கலைஞர் நல வாரியத்தில் பதிவு செய்யாமல் இருக்கும் மூத்த கலைஞர்களுக்கு விண்ணப்பம் எழுதிக் கொடுக்க உன் மாணவிகளை உட்கார வை. முகநூலில் நூறு பதிவு எழுதுவதைவிட அதில் பலன் அதிகம்.

சென்னைக்குக் குடிபெயர்வதா? இப்போதைக்கு வேண்டாம். அங்கே வாடகைக்காக யாரோ ஒருவருடைய நடனப் பள்ளியில் உதவி ஆசிரியையாகச் சேர்ந்து, அவருடைய நடன அமைப்பில் கடைசி வரிசையில் ஆடி, 30 பிள்ளைகளையும் இழப்பாய். டிசம்பரில் பத்து, பதினைந்து நாள் போய்த் தங்கு, பகல் நேர நிகழ்ச்சிகள் பலவும் டிக்கெட் இல்லாதவை, காலையில் நடக்கும் செயல்முறை விளக்கங்களையும் விடாதே. பார்த்ததை எழுதி வை. மற்ற பதினொரு மாதமும் ஊரில் இரு.

ஒரு சில்லறை விஷயம்: நிகழ்ச்சிக்குப் பணம் தரும்போது 10 சதவீதம் வருமான வரி பிடித்தால் சண்டை போடாதே. வருமானம் வரம்புக்குக் கீழே என்றால் கணக்குத் தாக்கல் செய்து திரும்ப வாங்கிக்கொள்ளலாம், பான் எண் மட்டும் சரியாகக் கொடு.

உட்கார்ந்து ஆடும் பகுதியை அமைத்த பிறகு வீடியோ அனுப்பு. அரங்கம், விளக்கு எதுவும் வேண்டாம், மாடியில் போனில் எடுத்தது போதும், ஆனால் ஆடுகிறவர்களின் இடுப்பும் கையும் முழுதாகத் தெரியும்படி கொஞ்சம் தள்ளி வைத்து எடு, போன தடவை பாதிக் கை வெளியே போய்விட்டது.